குலசிங்கத்துக்கு ஒரு அறநெறிக் கோப்பி

குலசிங்கம் கோப்பி கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை. செத்தது அடுத்த செவ்வாய்க்கிழமை. ஒரு கோப்பி ஊற்ற நாலு நிமிடம் போதாதா, நாலு நாள் என்ன செய்தார்கள் என்று கேட்பவர்கள் அண்மையில் நெடுந்தீவுப் பக்கம் போகாதவர்கள்.

ஆள் ஓய்வுபெற்ற தபாலதிபர். நெஞ்சில் நீர் கோத்து யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை கிடந்துவிட்டு, "இனி வீட்டில வைச்சுப் பாருங்கோ" என்ற மரியாதையான வார்த்தையோடு படகேறி வந்திருந்தார். அந்த வார்த்தையின் பொருள் அவருக்கும் தெரியும், மனைவி மீனலோசனிக்கும் தெரியும். கஞ்சி வேண்டாம், பழச்சாறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர் அன்று காலை தானாகவே வாய் திறந்தார்.

"இஞ்சாரும், நல்லதா ஒரு கோப்பி போட்டுத் தாருமப்பா."

மீனலோசனி சந்தோசத்தில் குசினிக்கு ஓடிப்போய்க் கோப்பிப் பேணியைத் திறந்தாள். இரண்டு கிழமை ஆஸ்பத்திரி வாசலில் நின்றவளின் பேணியில் என்ன இருக்கும்? சைக்கிளை எடுத்துக்கொண்டு கிறிஸ்தோப்பரின் கடைக்குப் போனாள். அங்கே கோப்பித்தூள் அடுக்கியிருந்த தட்டில் ஒரு படம் ஒட்டியிருந்தது. முதுகில் கூடை மாட்டிய பெண்ணொருத்தி பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். "இவளை அறியாமல் இவள் பறித்த கோப்பியைக் குடிக்கலாமா?" என்று கீழே பெரிய எழுத்தில் கேட்டிருந்தது.

கிறிஸ்தோப்பர் சொன்னதன் சுருக்கம் இது. முதலாம் திகதியிலிருந்து நெடுந்தீவு உலகத்தின் முதலாவது அறநெறிக் கோப்பித் தீவு. குளிர்நாடு ஒன்றிலுள்ள பணக்கார அறக்கட்டளை காசு கொடுத்து, தீவக அறநெறிக் கோப்பிச் சபை என்று ஒன்றை இறங்குதுறைக்குப் பக்கத்தில் குளிரூட்டிய கட்டடத்தில் குடியிருத்தியிருக்கிறது. பறிப்பவரைச் சுரண்டி வந்த கோப்பி இனித் தீவுக்குள் வரக்கூடாது. வந்தால் படகடியில் பையைத் திறந்து பறித்துவிடுவார்கள். கடைகளில் கிடந்ததையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சுரண்டாத கோப்பி எப்போது வரும் என்று அவர் கேட்டதற்கு, முதலில் அதைக் குடிக்கத் தகுதியான ஆட்கள் வரட்டும் என்று பதில் கிடைத்ததாம்.

தேயிலை மட்டும் தட்டு நிறைய இருக்கிறதே என்று மீனலோசனி கேட்டாள்.

"தேயிலையில இன்னும் பாவமில்லை அக்கா. அதுக்கு அடுத்த வருசம்தான் காசு வருதாம்," என்றார் கிறிஸ்தோப்பர்.

சனிக்கிழமை காலை அவள் சபைக்குப் போனாள். உள்ளே கழுத்தில் அட்டை தொங்க இருந்தவன் சயந்தன், நாலு வீடு தள்ளியுள்ள பெடியன். வேலை கிடைத்த நாளிலிருந்து தன் பெயருக்கு முன்னால் 'கள உத்தியோகத்தர்' என்று சேர்த்துச் சொல்லப் பழகியிருந்தான். மீனலோசனி விசயத்தைச் சொன்னதும் மிகவும் அனுதாபப்பட்டு, பதினாலு பக்கப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினான். இன்று காலை நீங்கள் குடித்த கோப்பியைப் பறித்தவரின் பெயர் என்ன என்பது முதல் கேள்வி. குடிக்கவில்லை, அதற்காகத்தான் வந்தேன் என்றாள். அப்படியென்றால் 'பெயர் தெரியாது' என்று போடுவோம் என்று அவன் போட்டான்.

மூன்றாம் பக்கத்தில், இதுவரை அறியாமல் குடித்த கோப்பிகளின் தொகை கேட்டிருந்தது. கலியாணம் கட்டி முப்பத்தெட்டு வருசம், நாளுக்கு இரண்டு என்று குலசிங்கத்தின் கணக்கை அவள் சொன்னாள். சயந்தன் தொலைபேசியில் தட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைத் தடவினான். இருபத்தேழாயிரத்து எழுநூற்று நாற்பது கோப்பிக்கு வெட்கப்பட வேண்டியிருக்கிறது என்றும், ஒவ்வொன்றாக வெட்கப்பட வயது இடங்கொடாது என்பதால் திங்கட்கிழமைப் பயிற்சிப் பட்டறைக்கு வந்து மொத்தமாக வெட்கப்படலாம் என்றும் விளங்கப்படுத்தினான்.

"தம்பி, ஆள் சாகக் கிடக்குது," என்றாள் மீனலோசனி.

அதற்கும் படிவத்தில் இடம் இருந்தது. 'அவசரம்' என்ற பெட்டியில் சயந்தன் சரி போட்டான். அவசரப் படிவங்கள் தனியான தட்டில் வைக்கப்படும். அந்தத் தட்டை மாதத்தின் முதலாவது வியாழக்கிழமையில் பார்ப்பார்கள். அன்று திகதி பதினாறு.

வீட்டுக்கு வந்தால் குலசிங்கம் வாசலைப் பார்த்தபடி கிடந்தார். கடை பூட்டு என்று பொய் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையும் அதையே சொன்னாள். முப்பது வருசம் தபால் பிரித்த மனிசனுக்குப் பொய்யைப் பிரிக்கத் தெரியாதா? கேட்காமல் விட்டுவிட்டார்.

திங்கட்கிழமைப் பட்டறைக்குப் பதினொரு பெண்கள் வந்திருந்தார்கள். சபையின் பிரதம இணைப்பாளர் வாமதேவன் யாழ்ப்பாணத்திலிருந்து தனிப் படகில் வந்து இறங்கினார். கதர் உடுப்பு, தடித்த மீசை, கண்ணில் எப்போதும் ஒரு ஈரம். அவர் பேசத் தொடங்கினால் முன்வரிசை கதிரையை ஒரு சாண் பின்னுக்கு இழுக்கும்.

"நண்பர்களே, கோப்பி வாங்குவது என்பது வாங்குவது அல்ல. அது ஒரு உறவு. இந்த உறவைப் பற்றி நான் ஏழு நாடுகளில் உரையாற்றியிருக்கிறேன். அந்த ஹோட்டல்களில் காலையில் கோப்பியைக் கையில் எடுத்ததும் எனக்கு அதைப் பறித்த கைகள் நினைவுக்கு வரும். அழுவேன். அழுது முடிப்பதற்குள் கோப்பி ஆறிவிடும். இன்னொன்று கொண்டுவரச் சொல்வேன்."

பறிக்கிற சனத்துக்கு இதனால் என்ன கூடக் கிடைக்கிறது என்று மீனலோசனி எழும்பிக் கேட்டாள். அருமையான கேள்வி என்று வாமதேவன் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். அது உற்பத்தியாளர் பிரிவுக்குரிய விசயம் என்றும், நுகர்வோரின் மனச்சாட்சி முற்றாகத் தயாரான பின்னரே அந்தப் பிரிவைத் தொடங்குவதாக உத்தேசம் என்றும் சொன்னார்.

பிறகு பரீட்சை. தோட்டத்துப் பெண்ணின் வேதனையை உடம்பால் உணர வேண்டும் என்பதற்காக, இருபது கிலோ கல் நிரப்பிய கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மண்டபத்தை மூன்று தரம் சுற்ற வேண்டும். சுற்றி முடித்ததும் முகத்தைப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். இந்தப் பரீட்சையை யாரோ குளிர்நாட்டில் இருந்து தயாரித்திருக்க வேண்டும். நெடுந்தீவுப் பெண்கள் நல்ல தண்ணிக்காகக் கிணற்றுக்கும் வீட்டுக்கும் இடையில் குடத்தோடு நடந்தே தேய்ந்தவர்கள். பதினொரு பேரும் மீன் விலையைக் கதைத்துக்கொண்டு மூன்று சுற்றும் முடித்தார்கள். மீனலோசனி, கெதியாக முடித்தால் கெதியாகக் கோப்பி தருவார்கள் என்று நினைத்து ஓட்டமும் நடையுமாகச் சுற்றினாள். அதுதான் அவள் செய்த பிழை. 'வேதனை உணரப்படவில்லை' என்று பதினொரு பேரையும் தோற்கடித்தார்கள். செய்து காட்டுவதற்காகக் கூடையை மாட்டிய சயந்தன் முதல் சுற்றிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு குந்தியபடியால் அவன் மட்டும் பரீட்சையில் சித்தியடைந்தான்.

அந்த நேரம் உள்ளறையிலிருந்து கோப்பி மணம் வந்தது. மூன்று நாள் அலைந்தவளுக்கு அந்த மணம் போதும். கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். வாமதேவனும் இன்னும் நாலு பேரும் ஆளுக்கொரு கோப்பையோடு இருந்தார்கள். அது அழிப்புக் குழுவின் கூட்டம் என்று சயந்தன் ஓடிவந்து விளக்கினான். படகடியிலும் கடைகளிலும் பறித்த கோப்பியைக் கடலில் கொட்டினால் மீனுக்குக் கேடு, எரித்தால் காற்றுக்குக் கேடு, புதைத்தால் நிலத்துக்குக் கேடு. ஆகவே காலை பத்து மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் குடித்தே அழிப்பதென்று சபை தீர்மானித்திருக்கிறது. ஒரு ஆள் தனியாகக் குடித்தால் அது சொந்தப் பாவனை. குறைந்தது இரண்டு உறுப்பினர் சேர்ந்து குடித்தால்தான் அழிப்பு.

ஒரே ஒரு கோப்பை, போத்தலில் ஊற்றித் தந்தாலும் போதும் என்று மீனலோசனி கும்பிட்டுக் கேட்டாள். வாமதேவனின் கண் கலங்கியது.

"அம்மா, நாங்கள் இதை ஆசைப்பட்டுக் குடிக்கவில்லை. இது பெரிய பாரம். இந்தப் பாவத்தைப் போய் ஒரு நோயாளியின் தலையில் வைக்க என் மனம் இடங்கொடாது," என்றார். சொல்லிவிட்டு மிச்சத்தையும் அழித்தார்.

வீட்டுக்கு வந்து மல்லியைக் கருக வறுத்து, வேர்க்கொம்பும் மிளகும் தட்டிப் போட்டு, சீனியைக் கூட்டிக் கொதிக்கவைத்தாள். கோப்பி என்று சொல்லிக் குலசிங்கத்தின் வாயில் வைத்தாள். அவர் ஒரு மிடறு குடித்தார். பிறகு அவளைப் பார்த்தார். கோபமில்லை, அதுதான் அவளைக் கொன்றது. "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். விடிய ஆள் இல்லை. மீனலோசனி கடைசியாகப் புருசனுக்குக் கொடுத்தது ஒரு பொய்.

செத்தவீட்டுக்கு நாரந்தனையிலிருந்து குலசிங்கத்தின் தமக்கை சறோஜினிதேவி வந்தாள். அழுது முடித்ததும் முதல் கேட்டது, தம்பி கடைசியாக என்ன கேட்டவன் என்பதைத்தான். மீனலோசனிக்கு மறைக்க வராது. சொன்னாள். அதற்குப் பிறகு வந்தவர் போனவர் எல்லோருக்கும் சறோஜினிதேவி ஒரே கதையைத்தான் சொன்னாள். நாலு நாளாகக் கோப்பி கோப்பி என்று கேட்ட மனிசனுக்கு ஒரு வாய் கொடுக்க வழியில்லாமல் போயிற்று என்று. சபை, படிவம், பட்டறை என்று மீனலோசனி சொன்னவற்றை நாரந்தனைச் சனம் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்?

"எட்டுச் செலவுக்கு எது இல்லாட்டிலும் கோப்பி இருக்கவேணும். கேட்டுக் கேட்டுச் செத்தவன். அதையும் வைக்காட்டில் இந்த வீட்டு வாசலிலதான் நிண்டு அலைவான், சொல்லிப்போட்டன்," என்றாள் சறோஜினிதேவி.

எட்டாம் நாள் செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள். அவர் வந்து சாப்பிட்டுப் போவதற்கு அந்தக் கொஞ்ச நேரம். சறோஜினிதேவியின் மகன் மிரோஜன் வேலணையில் வாங்கிய கோப்பிப் பக்கெற்றைச் சோற்றுப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தான். படகடியில் பிடித்தார்கள். சோற்றையும் சேர்த்து அழித்ததாகச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை, சாவுத் துடக்கு வீட்டுக்காரி தெருவில் இறங்குவதா என்று ஊர் முணுமுணுக்க, மீனலோசனி மறுபடியும் சபைப் படியேறினாள்.

குடிப்பவர் யாரென்று சயந்தன் கேட்டான். இவர்தான் என்றாள். குடிப்பவர் நேரில் வந்து கையொப்பம் வைக்க வேண்டும் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டுப் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. செத்தவீட்டுப் பந்தலுக்குக் கதிரை இறக்கிப் போட்டவனே அவன்தான். உள்ளே போய் வாமதேவனிடம் சொன்னான். அவர் எழும்பி ஓடியே வந்தார். முகம் அப்படியொரு பிரகாசம்.

"அம்மா, பத்து வருடமாக நாங்கள் தேடிய நுகர்வோர் உங்கள் கணவர்தான். கோப்பி வேண்டும் என்கிறார், ஆனால் குடிக்கமாட்டார். ஆசை இருக்கிறது, பாவனை இல்லை. இதைவிடத் தூய்மையான நுகர்வு உலகத்தில் கிடையாது. நீங்கள் கொடுத்துவைத்தவர்."

அந்த இடத்திலேயே விண்ணப்பம் ஏற்கப்பட்டது. 'முதலாந்தர அறநெறி நுகர்வோர், அமரர் குலசிங்கம்' என்று பளபளவென்ற அட்டையில் சான்றிதழ் அடித்துக் கொடுத்தார்கள். கோப்பி எங்கே என்று கேட்டாள். கையிருப்பில் இல்லை, ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று வருகிறது என்றார் வாமதேவன். படத்தில் சிரிக்கிற அந்தப் பெண்ணையே எட்டுச் செலவுக்குக் கொண்டுவந்து இறக்கப் போகிறார்களாம். உற்பத்தியாளரும் நுகர்வோரும் நேருக்கு நேர் சந்திப்பதைப் படம் பிடித்துக் குளிர்நாட்டுக்கு அனுப்ப வேண்டும். மீனலோசனி அவளுக்கு நன்றி சொன்னால் போதும். நன்றியை அவர்களே எழுதித் தருவார்கள்.

திங்கட்கிழமைப் பின்னேரப் படகில் அந்தப் பெண் வந்தாள். கடல் ஒத்துக்கொள்ளாமல் வழியெல்லாம் சத்தி எடுத்து, இறங்கும்போது இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. படத்திலிருந்ததைவிட மெலிவு. சிரித்த பற்களில் இரண்டு இப்போது இல்லை. சபையின் விடுதியில் சபைக்காரர் தங்கியிருந்தபடியால், உறவை வளர்ப்பதற்காக அவளைச் செத்தவீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

மீனலோசனி அவளைக் கிணற்றடியில் முகம் கழுவவைத்து, குசினியில் பாய் போட்டு இருத்தி, பெயரைக் கேட்டாள்.

"ராஜராஜேஸ்வரிங்க," என்றாள் அவள். "ஒங்களுக்கு முன்னாடி யாரும் கேக்கல. எட்டு வருசமா என் படத்த ஒட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. அன்னிக்குச் சிரி சிரின்னு சொல்லி ஒரு நாள் சம்பளமே போச்சு."

குடிக்க என்ன வேண்டும் என்றதற்குப் பிளேன்ரீ போதும் என்றாள். கோப்பியெல்லாம் விற்பதற்கு, குடிப்பதற்கில்லை. தோட்டத்தில் அவள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் அவளுக்குச் சொந்தமாக மூன்று கோப்பிச் செடி நின்றது. சபை ஐயாவுக்கு வெறுங்கையோடு வரக்கூடாதென்று அதில் பறித்து, வறுத்து, தானே இடித்து ஒரு பை கொண்டுவந்திருக்கிறாள். அதைப் படகடியில் பறித்துவிட்டார்கள். கோப்பியின் மூலம் தெரியவில்லையாம். மூலம் நான்தாங்க என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். அதற்குக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார்களாம்.

சொல்லிவிட்டு ராஜராஜேஸ்வரி வாசல் பக்கம் ஒருதரம் பார்த்தாள். சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, அதற்குள் இருந்ததை மீனலோசனியின் உள்ளங்கையில் கொட்டினாள். ஒரு கோப்பைக்குக் காணும், அதற்கு மேல் போதாது. சாவு வீட்டில் தங்கப் போகிறோம் என்று படகில் ஏறமுதல் தெரிந்ததும், அந்த வீட்டுக்கென்று ஒரு பிடி எடுத்து முடிந்து வைத்திருந்தாள். மீனலோசனி அந்தக் கையை மூடிக்கொண்டு அடுப்படியில் இருந்து அழுதாள். அவர் செத்ததிலிருந்து அவள் வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் வீடு நிறையச் சனம். கணவாய்க் கறி, முருங்கைக்காய், ஒடியல் பிட்டு, பொரித்த மீன் என்று குலசிங்கத்தின் படத்துக்கு முன்னால் இலை நிறைந்தது. கடைசியாக மீனலோசனி ஆவி பறக்கிற கோப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். அசல் கோப்பி. மணம் கூரைவரை போயிற்று. சறோஜினிதேவி முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்து, "சரி" என்று தலையாட்டினாள். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் முற்றத்தில் இறங்கிக் கைகட்டி நின்றார்கள். வாமதேவனும் படப்பிடிப்புக்காரனும் சயந்தனும் வந்து நின்றார்கள். வாமதேவன் மூக்கை ஒருதரம் உறிஞ்சினார். பிறகு சயந்தனைப் பார்த்தார்.

காகத்துக்குச் சோறு வைக்கப் பின்பக்கம் போன மீனலோசனி அதைக் கண்டாள். படையல் கோப்பையோடு குசினிக் கதவால் வெளியே வந்த சயந்தன், கல்வேலி ஓரமாகக் குந்திக்கொண்டு பாதியைக் குடித்தான். மற்றப் பாதியைப் பின்னால் வந்த வாமதேவன் வாங்கிக் குடித்தார். ஒழுங்குப்படி இரண்டு பேர். கோப்பை நுகர்வோரின் சொத்து என்பதால் சயந்தன் அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

கத்தினால் படையல் கெட்டுப்போகும், எட்டும் கெட்டுப்போகும். மீனலோசனி கையிலிருந்த சோற்றைக் கல்வேலியில் வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து நின்றாள்.

கதவைத் திறந்தார்கள். இலை வைத்தபடி இருந்தது. கோப்பை மட்டும் காலி. சறோஜினிதேவி அதை எடுத்து உள்ளே பார்த்தாள், கவிழ்த்துப் பார்த்தாள். அப்படியே நிலத்தில் இருந்து பெருங்குரலெடுத்து அழுதாள்.

"என்ர தம்பி வந்திட்டுப் போட்டான். சோத்தைத் தொடேல்லை, கோப்பியைத்தான் குடிச்சிருக்கிறான். மீனா, நான் உம்மை என்னவெல்லாமோ சொல்லிப்போட்டன். மனசில வைச்சுக்கொள்ளாதையும்."

சனம் கும்பிட்டது. தன் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிற மச்சாளை மீனலோசனி பார்த்தாள். பேசாமல் விட்டால் பழி தீர்ந்தது. எட்டு நாளாக அவள் வேண்டியதெல்லாம் இதுதான். விட்டுவிடத்தான் நினைத்தாள்.

ஆனால் வாமதேவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். படப்பிடிப்புக்காரன் கிட்டப் போனான். "உறவு என்பது இதுதான்," என்று அவர் தொடங்கினார். "உயிரோடு இருந்தபோது இந்த மனிதர் அறியாமல் குடித்தார். இன்றைக்கு முதன்முறையாக, அறிந்து குடித்திருக்கிறார். எங்கள் சபை இதற்குச் சாட்சி."

மீனலோசனி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, வீட்டுக்கு வந்த எவரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"சேர், சீனி காணுமாயிருந்ததோ?"

"கொஞ்சம் கூடிவிட்டது, அம்மா," என்றார் வாமதேவன்.

சறோஜினிதேவியின் அழுகை நின்றது.